ஹோட்டலுக்கு ஏக்கர், எங்களுக்கு ஏழு பேர்ச்



செங்கலடியில் கறுத்தப் பாலத்தைக் கடந்து மேற்கே போகும் வீதியை மட்டக்களப்பில் எல்லோரும் பதுளை வீதி என்றுதான் சொல்வார்கள். அரசாங்கக் கணக்கில் அது ஏ-5. கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறி, பதுளையைத் தொட்டு, வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குப் போய், பேராதனையில் முடிகிறது. வாவிக்கரையில் இருக்கும் எங்கள் கிளை அங்கத்தவர்களில் பலருடைய தாய் தகப்பன் இந்த வீதியால்தான் இறங்கி வந்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1983இல் உடுத்த துணியோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். இன்று தென்னந்தோட்டக் கூலி, வயல் வெட்டு, மேசன் வேலை என்று படுவான்கரையில் பிழைக்கிறோம். மலையில் இன்னும் சொந்தம் இருக்கிறது. நல்லது கெட்டதுக்குப் போய் வருகிறோம்.

இந்த ஏப்ரலில் அதே வீதியால் ஏறினோம். சித்திரைப் புதுவருடம் முடிந்த கையோடு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பஸ் பிடித்தோம். சீசன் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தயிர்ச்சட்டி, கருவாடு, ஒரு சாக்குத் தேங்காய் எல்லாம் சொந்தக்காரருக்கு. திரும்பி வரும்போது லீக்ஸ், கரட், தேயிலைத் தூள். லுணுகலைப் பக்கம் முதல் தேயிலை மலை கண்ணில் பட்டதும் பஸ்ஸில் இருந்த கிழவிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாவிக்கரையில் பிறந்த ஒரு சின்னப்பிள்ளை மட்டும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு கேட்டாள்: "அம்மம்மா, இந்தப் பத்தையெல்லாம் ஆரு இப்பிடி ஒரே மட்டத்துக்கு வெட்டி வெச்ச?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

நுவரெலியாவைப் பற்றி எழுதப்படும் எதை எடுத்தாலும், இயற்கை அன்னை வாரி வழங்கிய பசுமை என்றுதான் தொடங்கும். இயற்கை வழங்கியது குளிரும் மழையும். பச்சைக் கம்பளம் போல மலை முழுக்கக் கிடக்கிறதே, அது வேலை. தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கொழுந்து எடுக்காமல், கவ்வாத்து வெட்டாமல், புல்லு வெட்டாமல் சில வருடம் விட்டுப் பாருங்கள். காடு ஏறிவிடும். மூடப்பட்ட டிவிசன்களில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆகவே சீசனுக்கு வருகிறவன் கமராவில் பிடித்துக்கொண்டு போவது எங்கள் ஆட்களின் வேலையை. கூரையில்லாத ஒரு தொழிற்சாலையைப் படம் எடுக்கிறான். அந்தக் காட்சியைக் காட்டித்தான் அறைக்கு வாடகை வாங்குகிறார்கள். ஜன்னல் தேயிலைப் பக்கம் இருந்தால் ஒரு விலை, வாகனத் தரிப்பிடப் பக்கம் இருந்தால் இன்னொரு விலை. அந்த வித்தியாசக் காசில் ஒரு சதமாவது, ஜன்னலுக்கு வெளியே முதுகில் கூடையோடு நிற்கிறவளுக்குப் போகிறதா?

ஊரின் கதையைச் சொல்லும் பலகைகளையும் பார்த்தோம். சாமுவேல் பேக்கர் 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து பண்ணை போட்டார். ஆளுநர் பார்ன்ஸ் கட்டிய மாளிகை கிராண்ட் ஹோட்டல் ஆனது. ஆளுநர் கிரெகரி 1873இல் வாவி வெட்டினார். ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. எல்லாம் 'அவர் செய்தார், இவர் கட்டினார்'. ஆளுநர் கிரெகரி மண்வெட்டி பிடித்துச் சேற்றில் இறங்கினார் என்று எங்கள் பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவுக்கு வந்தது என்று இருக்கிறது. எத்தனை பேர் மண் சரிந்து செத்து அந்தப் பாதை வந்தது என்று இல்லை. தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியாக நடந்து, பாதி வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கோப்பிச் செடியில் நோய் விழுந்து தேயிலை வந்தபோது தோட்டத்தின் பயிர் மாறியது, லயம் மாறவில்லை. 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குட்டி இங்கிலாந்துக்குப் பால் கறந்தவன், விறகு வெட்டியவன், மல்லியப்பூப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியவன் எல்லாம் எந்த நாட்டான் என்று 1948இல் கேட்டார்கள். 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. ஊரைக் கட்டியவனுக்கு ஊர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து தலைகளைப் பங்கு போட்டார்கள்: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் பிறகு பார்ப்போம். கடைசிக் கணக்கு 2003இல்தான் சட்டத்தால் தீர்ந்தது. எங்கள் கிழவிகளில் ஒருத்தியின் அக்கா கோத்தகிரியில் செத்துப் போனாள். ஊட்டிக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு சுற்றுலா மலைதான். அங்கேயும் தேயிலைதான் கிள்ளினாளாம்.

நகரத்தில் அறை எடுத்துத் தங்க எங்களால் முடியுமா? சீசன் விலை கேட்டவுடனேயே பஸ்ஸைத் திருப்பினோம். சில கிலோமீற்றர் தள்ளி, ஒரு தோட்டத்தில் சொந்தக்காரர் லயத்தில் பகிர்ந்து படுத்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், எங்கள் ஆட்கள் அங்கே வேலை செய்து சாப்பிட வேண்டும். ஒரு காம்பராவில் பதினொரு பேர். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்த வீட்டுக்காரர் ஆறு பேர், நாங்கள் ஐந்து பேர். பெண்கள் உள்ளே, ஆண்கள் இஸ்தோப்பில். தகரத்துக்கு மேலே கல் வைத்திருந்தார்கள், காற்றுக்குப் பறக்காமல் இருக்க. கூரை ஒழுகும் இடத்தில் சட்டி. காலையில் குழாயடியில் வரிசை. தண்ணீர் விட்டு விட்டுத்தான் வந்தது. "சீசன் நேரம் இப்பிடித்தான் அண்ணே, மேல ஹோட்டல்ல ஆளு நெறைய" என்றார் வீட்டுக்காரத் தம்பி. குறை சொல்லும் குரலில்கூடச் சொல்லவில்லை. மழை வருது என்று சொல்வது போலச் சொன்னார். எங்களுக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் ரம்பொடைப் பக்கம் போனோம். வீதியோரத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் இரண்டு வான் நின்றது. வெளிநாட்டு ஆட்களும் கொழும்பு ஆட்களும் இறங்கிப் படம் எடுத்தார்கள். ஒருவர் கூடையை வாங்கித் தன் மனைவியின் தலையில் மாட்டிப் படம் எடுத்தார். கொழுந்துக்காரி சிரித்துக்கொண்டு நின்றாள். நூறு ரூபா கொடுத்தார்.

இப்போது எங்கள் வெட்கத்தையும் எழுதுகிறோம். அவர்கள் போனதும் எங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் அதையேதான் செய்தார்கள். போன் எடுத்து, "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க" என்றார்கள். எங்கள் பிள்ளைகள். லயத்தில் பிறந்த தாயின் பிள்ளைகள். அந்தப் பெண் பார்த்தாள். "எடுங்க தங்கச்சி. சுருக்கா எடுங்க, நிறுவைக்கு நேரமாச்சு. கிலோ கொறஞ்சா அரைப்பேரு போட்டுருவாங்க" என்றாள். எங்கள் கிழவிகளில் ஒருத்தி முன்னே போனாள். ஒன்றும் பேசவில்லை. நிரையில் இறங்கி, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளி அவள் கூடையில் போட ஆரம்பித்தாள். நாற்பது வருடமாகத் தேயிலையைத் தொடாத கை. கணக்கப்பிள்ளை சத்தம் போடும் வரை கிள்ளினாள். அதன் பிறகு எங்கள் பிள்ளைகள் போனை உள்ளே வைத்துவிட்டார்கள்.

படத்துக்கு நிற்கும் ஐந்து நிமிடம் அந்தப் பெண்ணுடைய கிலோவிலிருந்து போகிறது. ஒரு நாளைக்குப் பத்து வான் நின்றால் என்ன கணக்கு? சுற்றுலாவால் தோட்டத் தொழிலாளிக்கு இலாபம் என்று பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டட்டும்.

சம்பளக் கதையை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சீசன் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆயிரம் ரூபா கேட்டு வருடக்கணக்காகத் தெருவில் நின்றோம். 2021இல் வர்த்தமானி வந்தது. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 என்றார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் அந்த வருடம் அடிப்படைச் சம்பளமாகக் கைக்கு வந்தது 1,350. அதுவும் முழுப்பேர் விழுந்தால். நகரத்தில் தேநீர் குடிக்கும் ஒரு பெரிய இடத்துக்குள் பிள்ளைகள் ஆசையில் போனார்கள். விலைப்பட்டியலை வாசித்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒரு பையன் மட்டும், "மாமா, எங்கட அம்மம்மா கிள்ளின தேயிலையத்தான் அங்க விக்கிறாங்களா?" என்று கேட்டான். ஆமாம் மகனே, அதைத்தான்.

இனிக் காணிக்கு வருவோம். எங்கள் சண்டையின் மையம் அதுதான்.

தோட்டக் காணி யாருடையது? 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அது அரசாங்கத்துக்கு வந்தது. 1992இல் நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். குத்தகைதான், விற்பனை இல்லை. அப்படியானால் காணி மக்களுடையது, கம்பனி வாடகைக்காரன். வீட்டுக்காரன் வாடகைக்காரனிடம் போய் "ஐயா, ஏழு பேர்ச் தாருங்கள்" என்று கை கட்டி நிற்கும் கூத்தைத்தான் இத்தனை வருடமாகப் பார்க்கிறோம். ஏழு பேர்ச் என்றார்கள். பிறகு பத்து என்றார்கள். 2017இல் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்து, முதல் திட்டத்து 4,000 வீட்டுக்கு மேலே இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார். நாங்கள் கை தட்டினோம். இன்றும் லயத்தில் இருக்கிறவனிடம் கேட்டால், "எங்க டிவிசன்ல வீடு கட்ட எடம் இல்லைன்னு தொரை சொல்லிட்டாரு" என்கிறான். இடம் இல்லை! தேயிலை நட்ட நல்ல காணியைக் கொடுக்க முடியாதாம், தரிசில் மண் சரியுமாம், ஆற்றோரம் கூடாதாம்.

ஹோட்டலுக்கு மட்டும் எப்படி இடம் இருக்கிறது? பழைய துரை பங்களாக்கள் இன்று உல்லாச விடுதிகள். கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலை ஸ்டோர் 1996இல் ஹோட்டல் ஆனது. கட்டிடத்தைப் பாழாக விடாமல் காப்பாற்றினார்கள் என்று பாராட்டுகிறார்கள், பாராட்டட்டும். தகரத்தாலும் மரத்தாலும் ஆன பழைய ஸ்டோரை ஹோட்டலாக்கத் தெரிந்த நாட்டுக்கு, நூறு வருட லயத்தை வீடாக்கத் தெரியவில்லையா? தேயிலைக்கு நடுவே விருந்தினர் குடில், மலை உச்சியில் கண்ணாடி மேடை, கயிற்றில் தொங்கிப் போகும் விளையாட்டு. இதற்கெல்லாம் ஏக்கர் கணக்கில் அளந்து கொடுக்கும்போது மண் சரியாதா? தேயிலை அழியாதா?

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஏக்கர் 160 பேர்ச். ஏழு பேர்ச் வீதம் பிரித்தால் 22 குடும்பம் வீடு கட்டலாம். ஆறு பேர்ச் மிஞ்சும், பாதைக்கு வைத்துக்கொள்ளலாம். இனி எங்காவது 'ஐந்து ஏக்கரில் உல்லாச விடுதி' என்று பலகையைக் கண்டால், 110 குடும்பம் என்று மனதுக்குள் வாசியுங்கள்.

நகரத்தில் வாவியைச் சுற்றி மின்விளக்கு, பூங்கா, குதிரைச் சவாரி. அங்கிருந்து லயத்துக்கு ஏறும் பாதையில் பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதைக் கேட்டால் பலர் தோட்டத்து ஆள் சோம்பேறி, கேட்டு வாங்கத் தெரியாதவன் என்பார்கள். சட்டத்தைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று கையை விரித்தார்கள். ஓட்டுக் கேட்க வருவார்கள், ஒரு லோரி மண் கொட்டச் சட்டம் இடம் தராது. திருத்தம் வந்தது 2018இல். முப்பத்தொரு வருடம்! சட்டம் மாறியும் பாதை மாறாத தோட்டங்களின் பட்டியலை எங்கள் கிளைகளே தயாரித்துச் சபைகளின் மேசையில் வைக்கலாம். 2025 மே மாதம் தேர்தல் முடிந்து புதிய உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் கேட்க வேண்டும்.

சுற்றுலா வந்தால் வேலை வரும், நாட்டுக்கு டொலர் வரும், எதற்கும் எதிர்ப்புக் காட்டாதீர்கள் என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சங்கத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். விருந்தாளியை நாங்கள் வெறுக்கவில்லை. நாங்களும் சீசன் பார்க்கத்தான் போனோம். குதிரையில் பிள்ளையை ஏற்றினோம், ஹக்கலையில் பூப் பார்த்தோம், சீதா எலியவில் அம்மனைக் கும்பிட்டோம். மட்டக்களப்பானும் யாழ்ப்பாணத்தானும் கொழும்பானும் நுவரெலியாவுக்கு வரட்டும். எங்கள் கேள்வி, வருகிற காசு எந்த வாய்க்காலால் ஓடுகிறது என்பதுதான். ஹோட்டல் பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் எடுக்கிறார்கள். அது ஹோட்டல் ஊழியருக்குப் பங்கு போகிறது, போக வேண்டும். காட்சிக்குச் சேவை செய்கிறவளுக்கு எந்தக் கட்டணமும் இல்லை. லயத்துப் பிள்ளைகளுக்கு ஹோட்டலில் வேலை கிடைக்கிறதே என்பார்கள். என்ன வேலை? பாத்திரம் கழுவுவது, விரிப்பு மாற்றுவது, தோட்ட வேலை. பாதிப் பேர் 'பயிற்சியில்' இருக்கிறார்கள், பயிற்சி எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. சீசன் முடிந்தால் வீட்டுக்குப் போ. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும் என்பது சட்டம். தோட்டத்தில் பேர் போட்டால் குறைந்தது அந்தக் கணக்காவது ஓடும். நாட்கூலியாகச் சீசனுக்கு நிற்கும் பையனுக்கு அதுவும் இல்லை.

மலையின் அழகு பற்றிப் பேசுகிறவர்கள் மீரியபெத்தையையும் பேச வேண்டும். அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட் என்று ஓர் இடம் இருக்கிறது. லிப்டன் துரை உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்த இடமாம். விடிகாலையில் அங்கே சூரியன் பார்க்க வாகனம் வரிசையாக ஏறும். அதே மலைத்தொடரின் சரிவில், கொஸ்லந்தைப் பக்கம், 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போயின. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரித்திருந்த இடம் அது. போக வேறு காணி கொடுக்காமல் "எழும்பிப் போ" என்று எச்சரித்தால் எங்கே போவது?

இது எங்கள் நாட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். கேரளத்து மூணாறும் ஒரு சின்ன மலை நகரம், அங்கேயும் சீசன், அங்கேயும் தேயிலைக்கு நடுவே படம் எடுக்கிறார்கள். அங்கே கொழுந்து எடுக்கிறவர்களும் பெரும்பாலும் எங்களைப் போலத் தமிழர்தான், லயத்தில்தான் இருக்கிறார்கள். 2020 ஓகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். மீரியபெத்தையேதான்.

ஆனால் மூணாறில் இன்னொன்றும் நடந்தது. அதை எங்கள் தோட்டக் கமிட்டிகள் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2015 செப்டெம்பரில் கம்பனி போனசை 20 வீதத்திலிருந்து 10 வீதமாக வெட்டியது. கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையை இறக்கினார்கள். மலையில் உட்காரவில்லை, ஸ்டோர் வாசலில் உட்காரவில்லை. நேரே மூணாறு நகரத்துக்கு இறங்கி, சுற்றுலா வாகனங்கள் போகும் வீதியை மறித்து உட்கார்ந்தார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள். ஹோட்டல், கடை, வாகனம் எல்லாம் நின்றது. யாரும் காணாத மலையில் ஒரு மாதம் வேலை நிறுத்தினாலும் திரும்பிப் பார்க்காத அரசாங்கம், நகரம் நின்றதும் ஓடி வந்தது. 20 வீதம் வந்தது. பிறகு நாட்சம்பளமும் 232 ரூபாவிலிருந்து 301 ஆக ஏறியது, கேட்டது 500 என்றாலும். கூட்டம் போட வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அந்தப் பெண்கள் திருப்பி அனுப்பினார்கள். இத்தனை நாளாக எங்கே இருந்தீர்கள் என்பதுதான் அவர்கள் கோபம். எங்கள் தலைமைக் காரியாலயத்தில் இதை வாசிக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கலாம். சந்தாப் பணத்தில் அச்சாகும் பத்திரிகையில் இதை எழுத எங்களுக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறோம்.

நுவரெலியாவின் ஏப்ரல் மாதம் நமக்கு ஓர் ஆயுதம். அதை இன்று வரை நாம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சீசன் வந்தால் நம் தலைவர்களும் மேடைக்குப் போய் மாலை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

இதை ஏன் மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். இங்கேயும் அதேதான் நடக்கிறது. வாவிக்கு வடக்கே பாசிக்குடா. 2004 சுனாமியிலும் யுத்தத்திலும் அழிந்து கிடந்த கரை. 2009க்குப் பிறகு விடுதி விடுதியாக எழும்பியது. கரைவலை இழுத்தவனுக்குத் தோணி இழுத்து வைக்க இடம் சுருங்கியது. மலையில் லயத்தான் கேட்ட அதே கேள்வியை இங்கே கடற்றொழிலாளி கேட்கிறான், அவனுக்கும் அதே பதில்: இடம் இல்லை. இங்கே விடுதிகளில் விரிப்பு மாற்றுகிற பையன்களில் பலர் யார் தெரியுமா? பசறை, லுணுகலை, மடூல்சீமைப் பிள்ளைகள். அதே பதுளை வீதியால் பஸ் ஏறி இறங்கி வருகிறார்கள். முன்பு எங்கள் தாய் தகப்பன் இங்கே வந்தபோது 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்' என்று கூப்பிட்ட வாய்கள் இருந்தன. இன்று அந்தச் சொற்கள் குறைந்துவிட்டன, ஆனால் விடுதி மனேஜரிடம் சம்பளம் பிந்தினால் பேச அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆள் இல்லை.

போன மாதம் மூன்று பையன்கள் எங்கள் கிளைக்கு வந்தார்கள். விடுதியின் பெயரை எழுதவில்லை, அவர்கள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. ஒருவனுடைய தாய் மலையில் எங்கள் சங்கத்து அங்கத்தவர், சந்தா பிடிக்கிறார்கள். "எங்களையும் சேத்துக்கங்க அண்ணே" என்று கேட்டான். அங்கத்துவப் படிவத்தைக் கொடுத்தோம். 'தோட்டம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். 'டிவிசன்' என்ற இடத்திலும் அதே கேள்வி. சந்தாவைத் தோட்டக் காரியாலயம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று கீழே ஒரு கையெழுத்து இடம் இருக்கிறது. விடுதியா பிடித்து அனுப்பும்?

கிளைக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் எடுத்துத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பியிருக்கிறோம். லயத்தில் இருக்கும் கடைசிக் குடும்பத்துக்கு உறுதியோடு காணி கொடுக்கும் வரை, தோட்டக் காணியில் ஒரு பேர்ச்கூட ஹோட்டலுக்குக் கொடுக்க விடக் கூடாது. அடுத்த ஏப்ரலுக்கு முன்னர் நுவரெலியா மாவட்டத் தோட்டக் கமிட்டிகளின் கூட்டுக் கூட்டம் ஒன்றை நகரத்திலேயே கூட்ட வேண்டும், அதில் பெண் தலைவிகள் பேச வேண்டும், மாலை மேடை வேண்டாம். ஹோட்டல், விடுதித் தொழிலாளிகளை அங்கத்தவராக்கும் புதிய படிவம் ஒன்றை அச்சிட வேண்டும்.

பதில் இன்னும் வரவில்லை. மூன்று பையன்களும் பேரும் கையெழுத்தும் மட்டும் போட்ட படிவங்கள் எங்கள் பொருளாளர் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. தோட்டம் என்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது.